அப்புச்சி முட்டியும் பேத்தி முட்டியும்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று வந்தால் போதும், இரண்டு வார்த்தைகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று சுகர், இன்னொன்று தேய்மானம். சுகருக்காவது நூற்றி எண்பது, இருநூறு என்று ஒரு எண் சொல்வார்கள். தேய்மானத்துக்கு எண்ணெல்லாம் கிடையாது. "முட்டி தேஞ்சு போச்சுங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த மாதம் பார்த்தால் அந்த பெஞ்சிலும் அவரைக் காணோம்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தைந்து வருடம் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவன். மோட்டார், பெல்ட், புல்லி, பேரிங் இவற்றோடு குடும்பம் நடத்தியவன். தேய்மானம் என்பது எங்களுக்கு தினசரி வார்த்தை. ஆனால் மில்லில் "தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு யாரும் மெஷினை மூலையில் போட்டுவிட முடியாது. எது தேய்ந்தது, எவ்வளவு, எதனால் என்று மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால்தான் ஸ்டோரில் புது பேரிங் கிடைக்கும். அந்த மூன்று கேள்வியை மனுஷன் முட்டிக்கு மட்டும் யாரும் கேட்பதில்லையே என்று எனக்கு ஒரு ஆதங்கம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சென்ற வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரே சமயத்தில் இரண்டு முட்டிகள் வலித்தன. ஒன்று என்னுடையது, அறுபத்தாறு வயது. இன்னொன்று என் மகள் வயிற்றுப் பேத்தியுடையது. பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளியில் 800 மீட்டர் ஓடுகிறவள்.

எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். எழுந்தபோது பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. தொடை இரண்டும் சூம்பிப் போயிருந்தன. டாக்டர் மெதுவாக நடக்கச் சொன்னார், நடந்தேன். நாங்கள் இருப்பது முதல் மாடி, பதினெட்டுப் படி. ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது முட்டிக்கு முன்னால், அந்த வட்ட எலும்புக்குப் பின்னாலிருந்து யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. பழனிக்கு பஸ்ஸில் போய் இறங்கும்போதும் அதே வலி. நாலு எட்டு வைத்தால் சரியாகிவிடும்.

பேத்திக்குக் கதை வேறு. கோடை விடுமுறை முடிந்ததும் வாரத்தில் மூன்று நாளாக இருந்த பயிற்சி ஆறு நாளானது. அதில் இரண்டு நாள் ஸ்டேடியம் படிக்கட்டில் ஏறி இறங்கி ஓட வேண்டும். மூன்றாவது வாரமே வலி ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ஓடியிருக்கிறாள். வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் காலை நீட்டி நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்து டீச்சர்தான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

மாப்பிள்ளையின் அக்கா வந்து, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்? நாளைக்குக் கட்டிக் குடுக்கற எடத்துல முட்டி வலின்னா என்ன பதில் சொல்றது?" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை பதில் பேசவில்லை. ஓரிடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. ரிப்போர்ட்டில் காண்ட்ரோமலேசியா என்று எழுதி, ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்புச்சி, எனக்கும் தேய்மானமா?" என்று கேட்டாள். பதினாறு வயசுப் பிள்ளை வாயில் அந்த வார்த்தை வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இருவருமாக எலும்பு டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். வீக்கம் இருக்கிறதா, முட்டி மடங்காமல் மாட்டிக்கொள்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்தார். இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்த்தார். இடுப்பில் கோளாறு இருந்தாலும் வலி முட்டியில் தெரியுமாம். எதுவும் இல்லை என்றதும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். சின்ன வயசுப் பெண். முதலில், "எங்க வலிக்குதுன்னு கையால காட்டுங்க" என்றார். நானும் பேத்தியும் ஒரே மாதிரி உள்ளங்கையை முட்டி மேல் கவிழ்த்து வைத்தோம். அவர் சிரித்துவிட்டார். ஒரு விரலால் புள்ளி வைத்துக் காட்ட முடியாமல் முழுக் கையால் மூடிக் காட்டுவது இந்த வலிக்கே உரிய அடையாளமாம்.

அவர் விளக்கியதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முட்டிக்கு முன்னால் இருக்கும் அந்த வட்ட எலும்புக்கு முழங்கால் சில்லு என்று பெயர். பாண்டி ஆட்டத்தில் எறிவோமே, அந்தச் சில்லு மாதிரிதான் இருக்கும். பிறக்கும்போது அது எலும்பாக இருப்பதில்லை. வெறும் குருத்தெலும்பாக இருந்து மூன்று வயதுக்கு மேல்தான் எலும்பாக மாறத் தொடங்கும். தொடையின் முன்பக்கத் தசை கீழே வந்து தசைநாராகி முட்டியைத் தாண்டிக் கணைக்கால் எலும்பில் கட்டியிருக்கிறது. அந்த நாருக்குள் பதிந்திருப்பதுதான் இந்தச் சில்லு. பின்பக்கம் தொடை எலும்பின் முனையில் ஒரு பள்ளம். காலை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடும்.

இதற்கு என்ன வேலை? கிணற்றுக் கப்பியின் வேலைதான். கப்பி இல்லாமல் கிணற்றுச் சுவரில் கயிற்றை உரசி இழுத்தால் குடம் எவ்வளவு கனக்கும்? சில்லு, தசைநாரை மூட்டிலிருந்து கொஞ்சம் முன்னால் தூக்கிப் பிடிக்கிறது. அதனால் தொடைத் தசை குறைந்த பலத்தில் காலை நீட்டிவிடுகிறது. இதைக் கேட்டதும் பாதி புரிந்துவிட்டது. புல்லி என்றால் நம்ம சப்ஜெக்ட் ஆயிற்றே.

கப்பி இருந்தால் அதன் மேல் அழுத்தமும் இருக்கும். சமதரையில் நடக்கும்போது சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குள் இருக்கும். மாடிப்படியில் அது மூன்று மடங்கு ஆகிறது. ஓடும்போது ஐந்து மடங்கு வரை போகும். ஆழமாகக் குந்தி எழுந்தால் அதற்கும் மேல். அறுபது கிலோ ஆள் மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் சில்லின் மேல் நூற்றி எண்பது கிலோ. இதைத் தாங்கத்தான் அதன் பின்பக்கத்தில் உடலிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்புகளில் ஒன்றை வைத்திருக்கிறது இயற்கை.

படி இறங்கும்போது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றும் கேட்டேன். இறங்கும்போது மேல்படியில் இருக்கும் கால்தான் வேலை செய்கிறது. அது மடங்கிக்கொண்டே உடம்பு முழுவதையும் மெல்லக் கீழே விட வேண்டும். தொடைத் தசை பிரேக் பிடிக்கிறது. முட்டி மடங்க மடங்கச் சில்லு பள்ளத்தில் அழுந்துகிறது. வெள்ளியங்கிரி போனவர்களுக்கு இது தெரியும். ஏழு மலை ஏறியதைவிட இறங்கும்போதுதான் முட்டி அழும். அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு போவது சும்மா இல்லை. இறங்கும்போது பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தடி வாங்கிக்கொள்கிறது.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அது தேய்ந்தாலும் அதற்கு வலிக்கத் தெரியாது. அதற்கு அடியில் உள்ள எலும்பு, சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டு, மூட்டின் உள்சவ்வு இவற்றுக்குத்தான் நரம்பு உண்டு. தாங்கக்கூடியதைவிடச் சுமை கூடும்போது அவை கத்துகின்றன. அதனால்தான் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிற பலர் வலியே இல்லாமல் நடக்கிறார்கள், சுத்தமான படம் வைத்திருக்கிற சிலர் நொண்டுகிறார்கள். என் எக்ஸ்ரேயிலும் "ஆரம்ப நிலைத் தேய்மானம்" என்று இருந்தது. பிசியோ அதைப் பார்த்துவிட்டு, "உங்க தலைமுடி கூடத்தான் நரைச்சிருக்கு, தலை வலிக்குதா சார்?" என்று கேட்டார். பேத்தியின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த நீளமான வார்த்தைக்குக் குருத்தெலும்பு கொஞ்சம் மெத்தென்று ஆகியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். ஒரு காலத்தில் இந்த வலிக்கே அதுதான் காரணம் என்று நினைத்தார்களாம். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

முட்டியில் கேட்கும் நறநற சத்தமும் அப்படித்தான். வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இந்த வலிக்கு வெளிநாட்டில் இரண்டு பெயர். ஓடுகிறவர்களுக்கு வருவதால் ரன்னர்ஸ் நீ என்று ஒன்று. சினிமாத் தியேட்டரில் முட்டியை மடக்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் வலிப்பதால் சினிமா ரசிகர் முட்டி என்று இன்னொன்று. எனக்குப் பழனி பஸ், பேத்திக்கு வகுப்பு பெஞ்சு. காரணம் ஒன்றுதான்.

பிறகு பேத்தியைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, ஒற்றைக் காலில் கொஞ்சம் மடங்கச் சொன்னார். முட்டி நேராகப் போகாமல் உள்பக்கமாகச் சாய்ந்தது. என்னைச் செய்யச் சொன்னார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்தேன், எனக்கும் சாய்ந்தது. "முட்டியில தப்பில்ல சார், இடுப்புப் பக்கத் தசையில பலம் பத்தல. தொடை எலும்பு உள்பக்கம் திரும்புது. பள்ளம் நகர்ந்தா சில்லு என்ன பண்ணும்?" என்றார்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. மில்லில் ஒரு மெஷினில் பெல்ட் ஓரமாகத் தேய்கிறது என்றால் புதுப் பையன்கள் பெல்ட்டை மாற்றுவார்கள். ஒரு வாரத்தில் அதுவும் தேயும். அனுபவசாலி பெல்ட்டைப் பார்க்கவே மாட்டார். மோட்டார் பேஸின் போல்ட் லூசா, ஷாஃப்ட் சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மனுஷ உடம்பை மெஷின் என்று சொல்லிவிட முடியாது, மெஷின் தானாகப் பலம் ஏற்றிக்கொள்ளாது. ஆனால் சத்தம் வருகிற இடத்தை மட்டும் பார்க்காதே என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

வைத்தியம் மூன்று பங்கு. முதல் பங்கு, சுமையைக் குறைப்பது. நிறுத்துவது இல்லை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி அழுத்தி விடும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சத்து போகிறது. ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டால் தொடை இன்னும் சூம்பும், அடுத்த தடவை பாதி தூரத்திலேயே வலிக்கும். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பெஞ்சுக்கும் வராமல் போவது இப்படித்தான். அளவுக்கு ஒரு விதி சொன்னார்: வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நாமே போட வேண்டும். மூன்று வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. தாண்டினால் அடுத்த நாள் குறைக்க வேண்டும். எனக்குச் சமதரையில் இருபது நிமிடம் நடை. குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது தற்காலிகமாக வேண்டாம். பேத்திக்குப் படிக்கட்டு ஓட்டம் முழுதாக நிறுத்தம், சமதரையில் மெல்லிய ஓட்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இரண்டாவது பங்கு, பலம். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. பக்கவாட்டில் படுத்து மேல் காலை நேராகத் தூக்குவது. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. தாழ்வான ஒரு படியில் ஒரு காலை வைத்து மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். சுலபமாகிவிட்டால் கூட்ட வேண்டும். பேத்திக்கு முட்டிக்கு மேல் ரப்பர் பட்டை மாட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும் பயிற்சியும் உண்டு. 2018இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் கூட்டறிக்கையும், இந்த வலிக்கு இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சியைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சார வைத்தியங்களை அது பரிந்துரைக்கவில்லை.

மூன்றாவது பங்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும். காலை எட்டிப் போட்டு ஓடாமல், எட்டைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது. நிமிடத்துக்கு 160 எட்டு வைப்பவர் அதை 170 ஆக்கினால் வேகம் மாறாமலே முட்டியில் விழும் பாரம் குறையும். ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் போதும். நான் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று அவள் வலது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்கிச் சொல்வேன். ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட நல்ல டியூட்டி கிடைக்காது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் துணி முட்டி உறையும், ஷூவுக்குள் வைக்கும் மெத்தையும், பிளாஸ்டர் ஒட்டுவதும் சிலருக்கு முதல் சில வாரம் தெம்பு கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு பயிற்சியைச் செய்தால் லாபம். வலி மாத்திரையை நாமாக வாங்கி வாரக்கணக்கில் போடக்கூடாது, எங்கள் வயதில் கிட்னியும் பி.பி.யும் கேள்வி கேட்கும். நடைபாதை ஓரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள், மிளகு தட்டிப் போட்டு அருமையாக இருக்கிறது. வீட்டுக்காரி முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் மாற்றி மாற்றிச் செய்து போட்டாள். நாக்குக்காகச் சாப்பிட்டேன். தொடையில் தசை போட வைத்தது நாற்காலிதான்.

இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்க, வலிக்குதுன்னா உக்காரச் சொல்லுவாங்க. இந்தப் புள்ள எந்திரி எந்திரிங்குது" என்றாள். ஆறாவது வாரம் நான் கைப்பிடியைத் தொடாமல் மாடி இறங்குவதைப் பார்த்த பிறகு அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழ ஆரம்பித்துவிட்டாள். பத்தாவது வாரம் நான் பழையபடி தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டேன்.

பேத்திக்கு நான்கு மாதம் ஆயிற்று. இதற்கிடையில் அவள் அத்தை மறுபடி வந்தபோது, மாப்பிள்ளை ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஓட்டமும் மூட்டுத் தேய்மானமும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரையிலிருந்து அவரே குறித்து வைத்தது. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் இருப்பவர்களில் 10.2 சதவீதம். பெரிய போட்டிகளில் ஓடும் தொழில்முறை ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். கடைசி எண்ணை மறைக்காமல் அவர் எழுதி வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. "அளவா ஓடினா நல்லதுதான்க்கா. அளவை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவ்வளவு நாள் பேசாமல் இருந்த மனுஷன்.

மண்டல அளவுப் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். மூன்றாவதுக்கும் அவளுக்கும் ஒரு மூச்சு தூரம். அழவில்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாம் அப்புச்சி" என்றாள். அடுத்த தடவை என்ற ஒன்று இருப்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அரைப் பரீட்சை சமயத்தில் மூன்று வாரம் பயிற்சி விட்டுப்போய், திரும்ப ஓடியபோது வலி எட்டிப் பார்த்தது. இந்த வலி அப்படிப்பட்டது, திரும்பி வரும் பழக்கம் உண்டு. இந்தத் தடவை அவள் ஒளிக்கவில்லை. மார்க் போட்டாள், தூரத்தைக் குறைத்தாள், ரப்பர் பட்டையை எடுத்தாள். இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது.

எல்லா முட்டி வலியும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கீழே விழுந்தோ திருகியோ முட்டி வீங்கினால், மடக்கவோ நீட்டவோ முடியாமல் மாட்டிக்கொண்டால், நடக்கும்போது கால் வாரிவிட்டால், சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், ஊன்றவே முடியாவிட்டால், படுத்திருக்கும்போதும் ராத்திரி வலி எழுப்பினால், கெண்டைக்கால் வீங்கினால் உடனே டாக்டரைப் பாருங்கள். வளரும் பிள்ளைகள் முட்டி வலி என்று சொல்லி இடுப்பைச் சாய்த்து நடந்தால் இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யாராவது தேய்மானம் என்று சொன்னால் எது, எவ்வளவு, எதனால் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து பாருங்கள்.